குனிந்த தலை நிமிராதவர்கள்

குனிந்த தலை நிமிராமல் நடப்பது ஒருகாலத்தில் மணப்பெண்ணுக்கு மட்டும் கிடைத்த நற்சான்றிதழ். இப்போது மாப்பிள்ளை, மாமனார், ஐயர் எல்லோருக்கும் அந்தத் தகுதி உண்டு, உபயம் செல்போன்.

தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு அது 27 கிலோ என்று 2014-இல் ஓர் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கணக்குப் போட்டார். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாடிக்கு ஏற்ற ஆள் தேடுகிற நாம், அதைவிடக் கனமானதை நள்ளிரவு வரை கூலியில்லாமல் சுமக்கிறோம்.

வலி வந்தால் பழி தலையணைக்கு. அதைத் தூக்கி வெயிலில் போடுகிறோம். அடுத்தது எக்ஸ்ரே. ‘தேய்மானம்’ என்றதும் வீடே துக்கம் விசாரிக்கிறது. வலியே இல்லாமல் நாற்பதைத் தாண்டிய பலருக்கும் அது இருக்கும். பிறகு கழுத்துப்பட்டை, மாசக்கணக்கில் மாட்டினால் தசைதான் பலமிழக்கும்.

கை மரத்தாலோ வலுவிழந்தாலோ டாக்டரிடம் ஓடத்தான் வேண்டும். மற்றபடி போனைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவது, அடிக்கடி எழுந்து நடப்பது, கழுத்துக்கும் தோளுக்கும் தினசரிப் பயிற்சி. செலவில்லாத வைத்தியம் என்பதால் மரியாதையும் இல்லை. பயிற்சி வீடியோவைக் குனிந்தபடியே கடைசிவரை பார்த்து, ‘பயனுள்ள தகவல்’ என்று குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம்.