எத்தனை தலையணை?

மருத்துவக் கல்லூரி தொடங்க நிலம் வேண்டும், படுக்கைகளோடு மருத்துவமனை வேண்டும், பேராசிரியர்கள் வேண்டும் என்று விதிமுறை பக்கம் பக்கமாக நீளும். சீனியர் வேண்டும் என்று மட்டும் எதிலும் எழுதவில்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதில் ஒன்று கள்ளக்குறிச்சிக்கு வந்தது. இடம் சிறுவங்கூர், ஆண்டுக்கு 150 சீட். விழுப்புரத்தை விட்டுப் பிரிந்து தனி மாவட்டமாகி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. முதல் பேட்ச் உள்ளே நுழைந்தபோது ராகிங் செய்யக்கூட ஒரு ஆள் கிடையாது.

முதலாண்டில் அது கொண்டாட்டம். நஷ்டக் கணக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். சீனியர் என்பவர் போன வருடப் புத்தகத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுபவர் மட்டுமல்ல. எந்தப் பாடத்தைத் தொடவே வேண்டாம், எந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வரும், எந்த எக்ஸ்டர்னல் சிரித்துக்கொண்டே ஃபெயில் போடுவார் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் சொல்வதில் பாதி தப்பாக இருக்கும். ஆனாலும் தைரியம் வரும்.

அந்தத் தைரியம் தேவைப்படுகிற ஆண்டு இது. நோய்க்குறியியல், மருந்தியல், நுண்ணுயிரியல் என்று மூன்று பாடம். முன்பு இரண்டாம் ஆண்டு என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஓடியது. 2019-ல் பாடத்திட்டம் மாறியபோது அதைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள். தடயவியல் மருத்துவத்தைத் தூக்கி மூன்றாம் ஆண்டில் வைத்தது உண்மைதான். ஆனால் இந்தச் சீர்திருத்தத்தைப் புத்தகங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ராபின்ஸ் எழுதிய பெரிய பேத்தாலஜி நூல் இன்றும் 1,300 பக்கத்துக்கு மேல். திரிபாதியின் மருந்தியல் தலைக்கு வைத்துப் படுக்கத் தோதான கனம். 1978-ல் முதலில் வந்த அனந்தநாராயணன்–பணிக்கர் நுண்ணுயிரியல் மட்டும் பெயரைப் பார்த்தால் வீட்டுப் பெரியவர் எழுதியதுபோல் ஆறுதலாக இருக்கும். திறந்ததும் அந்த ஆறுதல் போய்விடும்.

மருந்தியலில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. ப்ரோப்ரனலால், அட்டெனலால், மெட்டோப்ரோலால் என்று ஒரு வரிசை. கேப்டோப்ரில், எனலாப்ரில், ராமிப்ரில் என்று இன்னொன்று. பத்தாம் வகுப்பில் இயைபுத் தொடை படித்தவர்களுக்கு இது பழகின விஷயம். முதல் வரிசை இதயத் துடிப்பைக் குறைக்கும், இரண்டாவது ரத்த அழுத்தத்தைக் குறைத்து வறட்டு இருமலைக் கொடுக்கும். வைவாவில் பதற்றத்தில் வரிசை மாறிப்போனால் இரண்டும் மாணவனுக்கே தேவைப்படும்.

நோய்க்குறியியல் வேறு மாதிரி. நுண்ணோக்கியில் எல்லாமே ரோஜாவும் ஊதாவுமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் அதே இரண்டு நிறப் பென்சிலால் வரைய வேண்டும். கல்லீரல் என்று வரைந்தது சிறுநீரகமாகவும் தேறும். அதைக்கூடச் சமாளிக்கலாம், இந்தப் பாடத்தை உண்டாக்கிய ஐரோப்பியர்களின் பசியைத்தான் சமாளிக்க முடியாது. இதயம் செயலிழந்து ரத்தம் தேங்கிய கல்லீரலுக்கு ஜாதிக்காய்க் கல்லீரல் என்று பெயர். அழற்சி கண்ட இதய உறைக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி. பித்தப்பையில் கொழுப்புப் படிந்தால் ஸ்ட்ராபெரி. சினைப்பையில் சாக்லேட். காசநோய்த் திசுவில் பாலாடைக்கட்டி. அமீபாவால் கல்லீரலில் கட்டும் சீழ் நெத்திலி சாஸ் மாதிரி இருக்குமாம். நெத்திலிக் கருவாடு தெரியும், குழம்பு தெரியும். சாஸை சின்னசேலம் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்? பிணப் பரிசோதனைகளையெல்லாம் அந்தக் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் வைத்திருப்பார்கள் என்பது இந்தக் கட்டுரையாளரின் சொந்த ஊகம்.

ஆனால் ஒரு நாள் அமிலாய்டோசிஸ் பாடம் வரும். மண்ணீரலை வெட்டினால் அங்கங்கே பளபளவென்று சிறு சிறு மணிகள். பாடநூல் அதை ஜவ்வரிசி மண்ணீரல் என்கிறது. சேலம், ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என்று நீளும் இந்தப் பட்டையில் காடெல்லாம் மரவள்ளி. கல்வராயன் மலைமேலும் மரவள்ளிதான். ரோட்டோரம் சேகோ ஃபேக்டரி, முற்றம் முழுக்க வெயிலில் காயும் மாவு. லண்டன் மாணவன் ஜவ்வரிசி என்றால் என்னவென்று அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது இங்குள்ளவர் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்லலாம். உலகப் பேத்தாலஜியில் கள்ளக்குறிச்சி முந்துகிற ஒரே இடம். தேர்வில் இதற்கு ஒரு மார்க்.

படிக்கப் படிக்க நோயும் வரும். 1889-ல் ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய ‘படகில் மூவர்’ நாவலின் நாயகன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு மருத்துவ நூலைப் புரட்டிவிட்டு, வேலைக்காரப் பெண்களுக்கு வரும் முழங்கால் வீக்கம் தவிர மற்ற எல்லா நோயும் தனக்கு இருப்பதாக முடிவுக்கு வருவான். அந்த ஒன்று மட்டும் ஏன் இல்லை என்று கொஞ்சம் மனத்தாங்கல் வேறு. இப்படிப் படித்த நோயெல்லாம் தனக்கு இருப்பதாக நினைப்பதற்கு மருத்துவ மாணவர் நோய் என்றே பெயர். 1966-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கேட்டுப் பார்த்த மாணவர்களில் சுமார் எண்பது சதவீதம் பேர் என்றாவது ஒரு நாள் இதில் விழுந்தவர்கள் என்றது. பிறகு சட்டக் கல்லூரி மாணவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயத்தில் மருத்துவ மாணவர்கள் ஒன்றும் விஞ்சிவிடவில்லை. விடுதியில் நள்ளிரவில் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பவருக்கு இந்த ஆய்வு உதவாது. ஒரு சிறு நெறிக்கட்டு கையில் தட்டுப்படும். அது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று அவருக்கு நிச்சயம். பக்கத்து அறைக்காரர் அதைத் தடவிப் பார்ப்பார். பிறகு தன் கழுத்தையும் தடவிப் பார்ப்பார்.

இத்தனைக்கும் நடுவே வார்டு போஸ்டிங் வந்துவிடும். வெள்ளை கோட், கழுத்தில் புது ஸ்டெதாஸ்கோப், கோட்டின் கைப்பகுதியில் கிராம் ஸ்டெயினின் ஊதாக் கறை. இந்தக் கோலத்தில் போய் நின்றால் “டாக்டரு வந்துட்டாரு” என்று நோயாளி எழுந்து உட்காருவார். டாக்டருக்கு உள்ளே உதறும்.

கேஸ் எடுப்பதற்கென்று பாடநூலில் கேள்விகள் உண்டு. இதய நோயாளியிடம் கட்டாயம் கேட்க வேண்டியது: படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? நோயின் தீவிரத்தை உலகம் முழுக்கத் தலையணையால்தான் அளக்கிறார்கள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த பெரியவரிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? “தலைவாணி எதுக்கு தம்பி, துண்டச் சுருட்டி வெச்சுக்குவேன்.” சரி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? “மாடி எங்க இருக்குது? மலைதான் ஏறுவேன்.” கேஸ் ஷீட்டில் தலையணை என்ற இடத்தில் துண்டு ஒன்று என்று எழுதிவிட்டு வந்தால் உதவிப் பேராசிரியர் வகுப்புக்கே வாசித்துக் காட்டுவார். ஆனால் வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கு எவ்வளவு தூரம், வழியில் எத்தனை தடவை உட்காருவீர்கள் என்று கேட்கத் தெரிந்துகொண்டால் அதே தகவல் கிடைத்துவிடும். இதைப் பாடநூல் எழுதிய ஹட்சிசன் எழுதவில்லை. பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

வார்டில் வகுப்பின் வரிசையும் தலைகீழாகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்று 2020-ல் சட்டம் வந்தது. அந்த வழியில் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர் முதலாண்டு முழுவதும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியிருப்பார். இங்கே அவருக்கு “வயித்தால போவுதா?”, “கிறுகிறுன்னு வருதா?” என்பதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டிய சென்னைக்காரர் பக்கத்தில் நின்று, “வாய்வு புடிச்சிருக்குன்னா எந்த சிஸ்டம்டா?” என்று காதைக் கடிப்பார்.

மண்ணீரல் வீங்கியவர் வார்டில் இருந்தால் மாணவர் கூட்டம் அங்கேதான். வலது அடிவயிற்றில் தொடங்கி, மூச்சை இழுக்கச் சொல்லி, இடது விலா நோக்கி விரலை நகர்த்த வேண்டும். பத்துப் பேர் கை வைத்த பிறகு படுத்திருப்பவருக்கே பாடம் மனப்பாடம். “இன்னும் கொஞ்சம் மேல வா தம்பி. நேத்து வந்த பொண்ணு இங்கதான் புடிச்சுது.” சீனியர் இல்லாத முதல் பேட்ச்சுக்கு அந்த வேலையை நோயாளிகள் எடுத்துக்கொண்டார்கள். பாதி விலைகூடக் கேட்கவில்லை.

மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்து என்ன என்பது மருந்தியலில் எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வி. எத்தனால், அதாவது குடிக்கிற சாராயம்தான் என்றதும் கடைசி பெஞ்சு சிரிக்கும். கல்லீரல் நொதி ஒன்று தொடங்கிவைக்க, மெத்தனால் படிப்படியாக ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கும். எத்தனால் அதே நொதியோடு ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். ஃபோமெபிசோல் அதையே இன்னும் நன்றாகச் செய்யும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த மருத்துவமனைக்கும், இங்கிருந்து சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

படித்தது கண்ணெதிரே நடக்கும் நாளும் உண்டு. ரத்தம் உறைவதற்கான காரணிகள் ஒன்று முதல் பதின்மூன்று வரை, நடுவில் ஆறாம் எண் கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்டால் அதற்கொரு கதை. இந்த வரிசையை ஒப்பிக்காத இரண்டாம் ஆண்டு மாணவர் இல்லை, வெறுக்காதவரும் இல்லை. கச்சிராயபாளையம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்த ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். அந்த விஷம் பத்தாம் காரணியைத் தட்டி எழுப்பி, உறையும் சரக்கையெல்லாம் தீர்த்துவிடும். பிறகு ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க எந்திரம் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் ஆடாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். காவலுக்கு நிற்பது மாணவர். பன்னிரண்டாவது நிமிடத்தில் கை அரிக்கும். சாய்த்தால் தொலைந்தது.

“பாம்பு கடிச்சது கண்ணுக்கே தெரியுது, குழாய எதுக்கு தம்பி வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற?” என்பார் கூட வந்த மச்சான். புத்தகம் கையில் இல்லை, ஆங்கிலம் உதவாது. ரத்தம் ஏன் உறையும், விரியன் அதை எப்படிக் கெடுக்கும், மருந்து எப்போது தேவை என்று மாணவர் தமிழில் சொல்லத் தொடங்குவார். காரணி எண்கள் எதுவும் வராது, ஆனால் சொன்னது சரியாக இருக்கும். மச்சான் தலையாட்டிவிட்டு, “அப்ப எனக்கும் சேத்துப் பாத்துடு. எனக்கும் ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது” என்று கையை நீட்டுவார்.