ஓடுறதுக்கு முன்னாடி ஃபாரம் எழுதப் பழகு

குந்துடா பேராண்டி. உப்பளம் ஸ்டேடியத்துல நாலு ரவுண்டு ஓடிட்டு, வேர்வையோட பெரிய மார்க்கெட்டுக்குள்ள வந்து நின்னு, "தாத்தா, எனக்கு அர்ச்சுனா விருது வேணும்"ன்ற. டீக்கடை டிவியில ராஷ்டிரபதி பவன் விழாவப் பாத்ததுலேர்ந்து உனக்கு இந்தக் கிறுக்கு. ஆசப்படுறது தப்பில்ல. ஆனா வாங்குற வழி தெரியாம ஓடிக்கினு இருந்தா காலுதான் தேயும். இலைக்கடக் கெழவனுக்கு இன்னா தெரியும்னு நெனைக்காத. பழைய பேப்பர்லதான் இலையச் சுத்திக் குடுக்கறேன். சுத்துறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சிடுவேன்.

மொத யோசன: ஃபாரம் எழுதப் பழகு. இப்பல்லாம் ஆட்டக்காரங்களே கம்ப்யூட்டர்ல விண்ணப்பம் போடலாம். மனு பாக்கர்னு ஒரு பொண்ணு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல துப்பாக்கி சுட்டு ரெண்டு வெண்கலம் வாங்குச்சு. சுதந்திரத்துக்கு அப்பறம் ஒரே ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு பதக்கம் வாங்குன மொத ஆளு. அந்த டிசம்பர்ல கேல் ரத்னா விருதுக்குப் பரிந்துரச்ச பட்டியல்ல அதும் பேரே இல்லன்னு சேதி. ஒலகமே பாத்த பதக்கம் கமிட்டி கண்ணுக்குத் தெரியல. விண்ணப்பமே வரலன்னு ஒரு பக்கம், போட்டோமேன்னு அப்பா ஒரு பக்கம். கடசியில அந்தப் பொண்ணே, விண்ணப்பம் போட்டதுல எம்பக்கம் தப்பு இருந்திருக்கலாம்னு எழுதுச்சு. 2025 சனவரி 2ஆம் தேதி வந்த பட்டியல்ல பேர் இருந்துச்சு. 17ஆம் தேதி சனாதிபதி கையால விருத வாங்குச்சு. பத்து மீட்டர்ல குறி தப்பாத பொண்ணு ஃபாரத்துல தப்பு உட்டுச்சாம்! நீ மேரியில, அதான் முனிசிபாலிட்டியில, பொறப்புச் சீட்டு வாங்கப் போயி, அப்பா பேர் எழுதுற எடத்துல உம்பேர எழுதுன ஆளு. உங்கதி இன்னா ஆவும்?

ரெண்டாவது யோசன: ஓடாத, குந்து. 1961ல அர்ச்சுனா விருது ஆரம்பிச்ச வருசமே நம்ம மானுவேல் ஆரோனுக்குக் கெடச்சுது. கேல் ரத்னாவ மொதமொதல்ல, 1991-92க்கு வாங்குனது விசுவநாதன் ஆனந்த். 2024க்கு வாங்குனதுல குகேஷ் ஒருத்தன். மூணு பேரும் செஸ்ஸு, மூணு பேரும் நாக்காலியில குந்தி ஜெயிச்சவங்க. நீ எதுக்குக் காலங்காத்தால மூச்சு வாங்குற? ஆனா ஒண்ணு, குகேஷ் பதினெட்டு வயசுல ஒலக சாம்பியன் ஆவுற வரைக்கும் குந்தினான். நீ சோத்துக்குத் தவிர எங்கடா குந்தியிருக்க?

அந்த 1961ல நாம புதுச்சேரிக்காரங்க சட்டப்படி பிரெஞ்சு சனங்கடா, அதான் பின்தங்கிட்டோம்னு ஒரு சாக்கும் சொல்லலாம். 1954 நவம்பர் 1ஆம் தேதியே நிர்வாகம் கை மாறிச்சு, ஆனா சட்டப்படி இந்தியாவோட சேந்தது 1962 ஆகஸ்ட் 16. சாக்கு நல்ல சாக்குதான். அறுவது வருசம் தாண்டி நமுத்துப் போச்சு.

மூணாவது: எப்ப ஜெயிக்கணும்னு பாத்து ஜெயி. கடசி நாலு வருசத்துக் கணக்குதான் பாப்பாங்க. ஹாக்கி தியான் சந்த் பொறந்த நாளு ஆகஸ்ட் 29ல விழா வெக்கறது வழக்கம். இப்ப முகூர்த்தம் தள்ளிக்கினே போவுது. 2021ல நவம்பருக்குப் போச்சு, 2023ஆம் வருசத்து விருத 2024 சனவரி 9லதான் குடுத்தாங்க. முகூர்த்தம் தள்ளிப் போனா இன்னா ஆவும்னு இலைக்கடக்காரனக் கேளு. நுனி இலை எவ்ளோ தண்ணி தெளிச்சாலும் ஓரம் கருகிடும். மில்கா சிங்குக்கு 2001லதான் அர்ச்சுனா விருது குடுக்க வந்தாங்க. நாப்பது வருசம் லேட்டுன்னு வாங்க மாட்டேன்னுட்டாரு.

நாலாவது: வாங்குனதத் திருப்பிக் குடுக்கறதுக்கும் எடம் பாத்து வெச்சுக்கோ. 2023 டிசம்பர்ல வினேஷ் போகாட், மல்யுத்தப் பொண்ணுங்களுக்கு நாயம் கெடைக்கலன்னு, கேல் ரத்னா, அர்ச்சுனா ரெண்டையும் டில்லி கர்தவ்ய பாத் நடபாதையில வெச்சிட்டு வந்துச்சு. வாங்குற மேடையும் டிவியில வரும், வெச்சிட்டுப் போற நடபாதையும் டிவியில வரும்.

கடசியா ஒண்ணு, இதுல கேலி இல்ல. பயிற்சியாளருக்குக் குடுக்குற விருதுக்கு 1985லேர்ந்து துரோணாச்சாரியார் பேரு. ஏகலைவங்கிட்ட கட்ட வெரலக் கேட்ட வாத்தியாரு! வெரல் போனா வில்லு போச்சுன்னு அவருக்குக் கணக்கு. அந்தக் கணக்க அழிச்சது காஷ்மீர்ப் பக்கத்துக் கிஷ்துவார்ப் பொண்ணு சீதள் தேவி. பொறவியிலேயே ரெண்டு கையும் இல்ல. கால் வெரல்ல வில்லப் புடிச்சு, தோளால நாண இழுக்குது. 2023 ஹாங்சோ பாரா ஆசியப் போட்டியில ரெண்டு தங்கம், ஒரு வெள்ளி. 2024 சனவரி 9ல வில்லேந்துன அர்ச்சுனன் சிலைய அதுக்குத்தான் குடுத்தாங்க. துரோணர் வந்திருந்தா அதுகிட்ட எதடா கேட்டிருப்பாரு?

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கி, 2017ல அர்ச்சுனா, 2020ல கேல் ரத்னா வாங்குனான். அவங்கம்மா காய்கறி வித்து வளத்த புள்ள. இதோ இந்த மார்க்கெட்டுல முருங்கக் கட்டு பிரிக்கிறாங்களே, அவங்கள மாதிரி. அந்தம்மா வித்துக்கினு இருந்தப்ப எந்தக் கேமரா வந்துச்சு?

அதனால கேளு. ஸ்டாப்வாட்சுக்கு ஃபாரம் வேணாம், சிபாரிசு வேணாம். நீ ஓடுன நேரத்த அது உள்ளபடி சொல்லும். அத நம்பி ஓடு. விருது வந்துச்சா, கோட்டு நான் தெச்சுத் தரேன், போயி வாங்கு. அர்ச்சுனாவுக்கு 15 லட்சம், கேல் ரத்னாவுக்கு 25 லட்சம், அத பாங்கியில போடு. வரலியா, மறுநா காத்தால அஞ்சு மணிக்கு உப்பளத்துல இரு.

இத ஒட்டுக் கேட்டுக்கினு நிக்கிற சனங்களே, உங்களுக்கும்தான். விழா அன்னிக்கி டிவி முன்னால கை தட்டுறது சும்மாக் கெடைக்கிறது. ஜெயிக்காத புள்ளைக்கு ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிக் குடுங்க. அதுக்குக் கமிட்டி கூட வேணாம்.