விழாத கோலுக்கு ஒரு கோப்பை

என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் செல்கி கோப்பை என்று ஒன்று உண்டு. தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்குத் தருவது. 1978 முதல் நான்கு ஆண்டும் மாண்ட்ரியாலின் பாப் கெய்னிதான் வாங்கினார். எந்த சீசனிலும் 23 கோலைத் தாண்டாத மனிதர். எதிரணி நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டே திரிந்து பிராணனை வாங்குவதுதான் வேலை.

சரி, விழாத கோலை எப்படி எண்ணுவது? ஓட்டுப் போடும் நிருபர்களுக்குச் சுலபமான வழி கிடைத்தது: விழுந்ததை எண்ணிவிடலாம். 1994இல் கோப்பை 56 கோல் அடித்த செர்கெய் ஃபெதரோவுக்குப் போனது. (தடுப்பிலும் அவர் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை.) சுமார் 170 கிராம் எடையில், உறையவைத்த ரப்பர் வட்டைக் கணுக்காலில் வாங்கிக்கொண்டு நொண்டியபடி பெஞ்சுக்குப் போகும் நாலாம் வரிசைக்காரரும் போட்டியில் இருக்கத்தான் செய்கிறார். வருஷத்துக்கு 25 கோல் அடித்துக் காட்டட்டும், அவருடைய தடுப்பாட்டமும் கண்ணில் படும்.