விடையை முதலில் எழுதுங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றியவை: சின்னச் சின்ன ஃபங்ஷன் எழுதுவது, எழுதியதைச் சோதிப்பது.

யூனிட் டெஸ்ட் என்றால் என்ன? விரிவுரையில் கேட்டது காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை.
*முதல் செமஸ்டர் மாணவி, காம்பார்*

ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு மதிப்பைக் கொடுக்கிறீர்கள். அது என்ன விடை தர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இந்த ஒப்பீட்டை மனிதக் கண் செய்யாமல் இன்னொரு சிறு நிரல் செய்கிறது. அதனால் ஒரு நாளில் நூறு முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். இலக்கணம் இவ்வளவுதான். எந்த மதிப்பைக் கொடுப்பது, எந்த விடையை எதிர்பார்ப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது.

பேத்தி காம்பாரில், யுடார் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். "ஒழுங்காக எழுதினால் எதற்கம்மா சோதனை?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நீங்களாவது சொல்லுங்கள்.
*முன்னாள் தோட்டத் தொழிலாளர், சுங்கை சிப்புட்*

நீங்கள் ரப்பர் பால் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள், ஐயா. நிறுவைக் கொட்டகையில் கிராணி எழுதிய எடைதான் உங்கள் கூலி. தராசு சரியா என்று பார்க்க என்ன வழி? எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்ப்பதுதான். அந்தக் கல்லின் எடையை அதே தராசில் நிறுத்து எழுதியிருந்தால் சோதனைக்கு மதிப்பில்லை. எடை வேறு இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். உங்கள் பேத்தி எழுதுவது அந்தப் படிக்கல்லை. அவள் சிரித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல தொழிலைத்தான் கற்கிறாள்.

மளிகைக் கடைக்குப் பில் போடும் நிரல் எழுதுகிறேன். சென் ரவுண்டிங் ஃபங்ஷனுக்கு எத்தனை சோதனை எழுதினால் போதும்?
*கடை உதவியாளர், ஈப்போ*

முதலில் விதியைத் தாளில் எழுதுங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் நம் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத் தொகை 5 சென்னுக்குச் சுற்றப்படுகிறது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே 0-க்கு. 3, 4 என்றால் மேலே 5-க்கு. 6, 7 என்றால் கீழே 5-க்கு. 8, 9 என்றால் மேலே 10-க்கு. 0-மும் 5-ம் அப்படியே இருக்கும்.

இப்போது சோதனைகள் தாமாகவே வந்துவிடும். 100 முதல் 109 சென் வரை பத்து மதிப்புகள். எதிர்பார்க்கும் விடைகள்: 100, 100, 100, 105, 105, 105, 105, 105, 110, 110. இந்த வரிசையை நிரலை ஓட்டிப் பார்த்து எழுதாதீர்கள். விதியைப் பார்த்துக் கையால் எழுதுங்கள்.

பிறகு ஒரு முக்கியமான சோதனை. 1 ரிங்கிட் 2 சென் விலையில் மூன்று பொருள். பொருளுக்குப் பொருள் சுற்றினால் 3 ரிங்கிட். மொத்தம் 3.06, அதைச் சுற்றினால் 3.05. விதி மொத்தத்தைத்தான் சுற்றச் சொல்கிறது. ரவுண்டிங் ஃபங்ஷன் சரியாகவே இருந்தாலும் அதைத் தவறான இடத்தில் அழைத்தால் பில் தவறும். அதனால் பில் கிளாஸுக்கும் தனியாக ஒரு சோதனை வேண்டும்.

அதே ரவுண்டிங் கணக்கை ஜாவாவிலும் பைத்தானிலும் எழுதினேன். பொருளைத் திருப்பித் தரும்போது ஒன்று சரி, ஒன்று தப்பு. கணக்கு ஒன்றுதானே?
*வாசகர், பீடோர்*

கணக்கு ஒன்று, மீதி இரண்டு! 5-ஆல் வகுத்த மீதி 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் மீதியைக் கழிக்கிறீர்கள். இல்லாவிட்டால் 5-க்கு நிரப்புகிறீர்கள். பிளஸ் தொகைக்கு இரண்டு மொழிகளும் ஒரே விடை தரும். பணம் திருப்பித் தரும்போது தொகை மைனஸ் 3 சென் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் மீதி 2 என்கிறது. கழித்தால் மைனஸ் 5, சரி. ஜாவா மீதியை மைனஸ் 3 என்கிறது. அது 2-க்குக் கீழ் என்பதால் கழித்து 0 தருகிறது. வாடிக்கையாளருக்கு 5 சென் நஷ்டம்.

ஜாவாவில் சதவீதக் குறிக்குப் பதிலாக மேத் கிளாஸின் ஃபுளோர்-மாட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், சரியாகிவிடும். மைனஸ் 1 முதல் மைனஸ் 9 வரைக்கும் சோதனை எழுதிவிட்டு மாற்றுங்கள். சிவப்பு பச்சையாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

விலையை டபுள் வகையில் வைத்தால் என்ன?
*மாணவர், தாப்பா*

0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று வரும். பணத்தை முழு எண்ணாகச் சென்னில் வையுங்கள், அல்லது பிக்-டெசிமல் கிளாஸில் வையுங்கள். வேறு பேச்சே இல்லை.

பணத்துக்கு ஒரு கிளாஸ் எழுதினேன். 5 ரிங்கிட் பொருள் இரண்டை உருவாக்கி ஒப்பிட்டால் "சமம் இல்லை" என்று சோதனை விழுகிறது. இரண்டும் 5 ரிங்கிட்தானே?
*இரண்டாம் ஆண்டு மாணவர், காம்பார்*

உங்களுக்கு 5 ரிங்கிட். ஜாவாவுக்கு நினைவகத்தில் இரண்டு தனி ஆப்ஜெக்ட். எது சமம் என்பதை நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். ஈக்குவல்ஸ் ஃபங்ஷனை எழுதுங்கள். எழுதினால் ஹாஷ்-கோடையும் சேர்த்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் ஹாஷ்-மேப்பில் போட்ட பணம் திரும்பக் கிடைக்காது. ஜாவா 16 முதல் ரெக்கார்டு என்று அறிவித்தால் இரண்டும் தாமாகவே வந்துவிடும்.

இன்னொன்று. ஜாவாவுக்கான சோதனை நூலகமான ஜேயூனிட்டின் அசெர்ட்-ஈக்குவல்ஸில் எதிர்பார்க்கும் விடை முதலில், கிடைத்த விடை இரண்டாவது. மாற்றிப் போட்டாலும் சோதனை ஓடும். ஆனால் விழும்போது பிழைச் செய்தி தலைகீழாகப் பேசும். நீங்கள் சரியான எண்ணைத் தவறென்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போடும் ஃபங்ஷன் எல்லாச் சோதனையிலும் தேறியது. தமிழில் கொடுத்தால் குழம்புகிறது. ஏன்?
*தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தெலுக் இந்தான்*

அருமையான கேள்வி, டீச்சர். காம்பார் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது நான்கு எழுத்து: கா, ம், பா, ர். கணினியில் யூனிகோடு அதை எட்டுக் குறிகளாக வைக்கிறது: க, துணைக்கால், ம, புள்ளி, ப, துணைக்கால், ர, புள்ளி. ஜாவாவிடம் நீளம் கேட்டால் 8 என்கிறது. திருப்பச் சொன்னால் குறி குறியாகத் திருப்புகிறது: முதலில் அந்தரத்தில் ஒரு புள்ளி, பிறகு "ராப்மாக". நமக்கு வேண்டிய விடை "ர்பாம்கா".

ஆகவே எழுத்து எழுத்தாகப் பிரித்த பிறகே திருப்ப வேண்டும். ஜாவாவில் பிரேக்-இட்டரேட்டர் இருக்கிறது. பைத்தானில், முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும்.

இன்னும் இரண்டு சோதனை சேருங்கள். "கோ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ஓகாரக் குறியும்; அல்லது க, இரட்டைக்கொம்பு, துணைக்கால் என மூன்று குறி. திரையில் இரண்டும் ஒன்று, ஒப்பிட்டால் வேறு. மாணவர் பட்டியலில் கோபாலைத் தேடிக் கிடைக்காமல் போவது இப்படித்தான். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே, அதாவது நார்மலைஸ் செய்த பிறகே ஒப்பிட வேண்டும். அடுத்தது, "க்ஷ" ஓர் எழுத்தா, இரண்டா? அதைக் கணினி முடிவு செய்யக் கூடாது. நீங்கள் முடிவு செய்து சோதனையில் எழுதி வையுங்கள். முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. தமிழை உள்ளிடாமல் நம் நிரல்களைச் சோதித்து முடித்ததாகச் சொல்லக் கூடாது.

மைகார்டு அடையாள அட்டை எண்ணிலிருந்து வயதைச் சொல்லும் ஃபங்ஷன் எழுதினேன். போன வருடம் பச்சையாக இருந்த சோதனை இந்த வருடம் சிவப்பு. ஒரு வரிகூட மாற்றவில்லையே!
*வாசகி, கோப்பெங்*

நீங்கள் மாற்றவில்லை, நாட்காட்டி மாறியது. உங்கள் ஃபங்ஷன் உள்ளேயே இன்றைய தேதியைக் கேட்டு வாங்குகிறது. அப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வரும் எதுவும் சோதனைக்குப் பகை. "இன்று" என்பதையும் வெளியிலிருந்து ஒரு மதிப்பாகக் கொடுங்கள். ஃபங்ஷன் உடனே நேர்மையாகிவிடும்: கொடுத்தது ஒன்றென்றால் விடையும் என்றும் ஒன்றே.

சோதிக்க வேண்டிய ஓரங்களும் இதில் நிறைய. எண்ணின் தொடக்கத்தில் உள்ள பிறந்த ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 20 என்றால் 1920-ஆ, 2020-ஆ? 000229 என்று தொடங்கும் எண்ணுக்கு முன்னால் 19 சேர்த்தால், இல்லாத நாளே வரும். 1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு. 2008 பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்கு 18 வயது எப்போது? ஜாவாவின் பீரியட் கிளாஸ் 2026 பிப்ரவரி 28 அன்று 17 என்றும் மார்ச் 1 அன்று 18 என்றும் சொல்லும். நம் நாட்டில் வாக்களிக்கும் வயதே 18. அந்த ஒரு நாள் சின்ன விஷயமல்ல. பிறந்த இடத்துக்கான இலக்கமும் அப்படித்தான். பேராக் என்றால் 08 என்று மட்டும் எழுதாதீர்கள். 36 முதல் 39 வரையும் பேராக்கே.

பிரைவேட் ஃபங்ஷனை எப்படிச் சோதிப்பது?
*மாணவர், காம்பார்*

நேராகச் சோதிக்காதீர்கள். வெளியே தெரியும் ஃபங்ஷனைச் சோதித்தால் உள்ளே இருப்பதும் சோதனைக்கு வந்துவிடும். அப்படி எட்ட முடியாத அளவுக்கு அது வளர்ந்துவிட்டதென்றால் தனிக் குடித்தனம் வையுங்கள். அதற்கென்று ஒரு கிளாஸ் எழுதுங்கள்.

யூனிட் டெஸ்ட் எழுதும் வழக்கத்தை யார் தொடங்கியது?
*வாசகர், மாலிம் நாவார்*

நிரலைச் சோதிப்பது நிரலைப் போலவே பழையது. ஆப்ஜெக்ட் மொழிகளில் இன்று நாம் காணும் வடிவத்துக்கு வழி காட்டியவர் கென்ட் பெக். ஸ்மால்டாக் மொழிக்கு எஸ்யூனிட்டை எழுதினார். 1997-இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகும்போது, ஜாவாவுக்கு ஜேயூனிட்டின் முதல் வடிவத்தை எழுதினார்கள். பைத்தானின் யூனிட்-டெஸ்ட் அதன் வழியில் வந்தது. 2001-இல் பைத்தானோடு சேர்ந்தது. நீண்ட பயணத்தைத் தூங்கிக் கழிக்காதவர்களால் உலகம் பிழைத்தது.

குட்டி ஃபங்ஷன் ஒன்று தப்பினால் குடியா மூழ்கிவிடும்?
*மாணவர், ஈப்போ*

மூழ்கியிருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் வெடித்தது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றிய இடத்தில் கோளாறு. 16 பிட்டில் 32767-க்கு மேல் கொள்ளாது. அந்த நிரல் முதலில் ஓடிய ஏரியான் 4 ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இல்லை. புதிய ராக்கெட்டின் பாதைக்குரிய எண்களைக் கொடுத்து அந்தப் பகுதியைச் சோதிக்காமல் விட்டார்கள். பழைய நிரலைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகும்போது சோதனையும் புதிதாக வேண்டும்.

எல்லா வரியும் சோதனையில் ஓடிவிட்டது, கவரேஜ் நூறு சதவீதம். இனி நிம்மதியாகத் தூங்கலாமா?
*மென்பொருள் ஊழியர், ஈப்போ*

வரி ஓடியது என்பது வேறு, விடை சரிபார்க்கப்பட்டது என்பது வேறு. ஓர் அசெர்ட்டும் இல்லாமலே நூறு சதவீதம் எட்டலாம். 1969-இல் ரோமில் நடந்த மென்பொருள் மாநாட்டில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சொன்னதன் சாரம் இன்றும் மாறவில்லை: பிழை இருக்கிறது என்று சோதனை காட்டும்; இல்லை என்று நிரூபிக்காது. சோதனை எழுதுங்கள், பிறகு தூங்குங்கள். ஆனால் நூறு என்ற எண்ணை நம்பித் தூங்காதீர்கள்.

சோதனைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?
*மாணவி, காம்பார்*

தாராளமாக. ஜாவாவும் பைத்தான் 3-உம் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஜேயூனிட் 5-இல் டிஸ்பிளே-நேம் என்று முழு வாக்கியமே கொடுக்கலாம். "மூன்று சென் மிஞ்சினால் ஐந்தாகும்" என்று ஒரு சோதனைக்குப் பெயர் இருந்தால், அது விழும்போது எது கெட்டது என்று தேட வேண்டியதில்லை. குழுவில் பிற மொழியினர் இருந்தால் எல்லாருக்கும் தெரிந்த மொழியில் வையுங்கள். எந்த மொழியானாலும் "டெஸ்ட் 1", "டெஸ்ட் 2" வேண்டாம்.

ஈயம் தோண்டிய ஊர், மகனே. இங்கே இருந்துகொண்டு இதையெல்லாம் கற்க முடியுமா?
*ஒரு தாய், காம்பார்*

முடியும், அம்மா. பழைய ஈயக் குட்டைகளுக்கு நடுவேதான் யுடார் பல்கலைக்கழகத்தின் காம்பார் வளாகம் 2007-இல் தொடங்கியது; அதன் தகவல் தொழில்நுட்பப் புலமும் அங்கேதான். ஜாவா, பைத்தான், ஜேயூனிட் எல்லாம் இலவசம். பிள்ளைக்கு ஒரு சாதாரண கணினியும் இணையமும் கிடைத்தால் போதும்.

சோதனைகளைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறதே. நாங்கள் ஏன் மெனக்கெட வேண்டும்?
*இறுதியாண்டு மாணவர், காம்பார்*

எழுதித் தரட்டும், தட்டச்சு வேலை மிச்சம். ஆனால் உங்கள் நிரலை மட்டும் படித்து அது எழுதினால், நிரல் என்ன செய்கிறதோ அதையே சரியென்று எழுதக்கூடும். மைனஸ் 3 சென்னுக்கு 0 தரும் ஃபங்ஷனைக் காட்டினால், "0 வர வேண்டும்" என்று ஒரு சோதனை வரலாம், பச்சையும் எரியும். 5 சென் போனது போனதுதான். சரியான விடை நிரலுக்கு வெளியே இருக்கிறது: மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ரவுண்டிங் விதியில், நாட்காட்டியில், தமிழ் இலக்கணத்தில், கடைக்காரர் வாய்ச்சொல்லில். அங்கே போய்க் கேட்டு வர வேண்டியவர் நீங்கள்.

அதனால் எல்லா மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஃபங்ஷனைத் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: சாதாரண மதிப்பு ஒன்று, ஓரத்தில் நிற்கும் மதிப்பு ஒன்று, வரவே கூடாத மதிப்பு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நேரே விடையை உங்கள் கையால் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் கணக்கு இன்னும் உங்களுக்குப் புரியவில்லை. நிரலைத் தொடாதீர்கள், போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.