குலுக்கலில் விழும் மூஸ்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டுக்கு, மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போக முதலில் என்ன தேவை, துப்பாக்கியா?

அதிர்ஷ்டம்! குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் அனுமதி. 1935-ல் மூடிய வேட்டையை 1980-ல் மறுபடி திறந்தபோது 700 பேருக்குத்தான் கொடுத்தார்கள். அத்தனை கறாராக இருந்ததால்தான் சுட இன்றும் மூஸ் இருக்கிறது.

கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையில் போனால் மான் ஓடிவிடாதா?

மானுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் சட்டை மானுக்காக அல்ல, எதிர்ப் புதரில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்காக!

கிளம்பும் முன் நல்ல வாசனை சோப்புப் போட்டுக் குளிக்கலாமா?

பெண் பார்க்கவா போகிறீர்கள்? மூஸுக்குப் பார்வை மட்டம், மோப்பம் அபாரம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, எதிர்க்காற்றில் நடங்கள்.

நவம்பர் குளிரில் தனியாகப் போய் ஒரு மூஸை வீழ்த்திக் கொண்டுவர முடியுமா?

வீழ்த்தலாம். கொண்டுவருவது யார்? வளர்ந்த ஆண் மூஸ் 450 கிலோவைக்கூடத் தாண்டலாம். அங்கேயே தோலுரித்து, கூறு போட்டு, வண்டி வரை சுமக்க வேண்டும். தோட்டா இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, தோள் நாலு கூடுதலாக இருக்கட்டும்.

நாலு மணிக்கே இருட்டிவிடுமாமே, டார்ச் அடித்துச் சுட்டால்?

அடுத்த வெளிச்சம் நீதிமன்றத்தில்தான்!