அகலமான பயணி: ரயில்வே வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ரயில்வே வாரியம், புது தில்லி.

பொருள்: மார்பு முதல் கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை பயணியா, சுமையா என்பது குறித்துத் தெளிவுரை கோருதல்.

மதிப்புக்குரிய வாரியத்துக்கு,

ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணம் இல்லை என்றும், கேட்டால் பெரியவருக்குரிய முழுக் கட்டணம் உண்டு என்றும் வாரியம் வகுத்துள்ள விதி, குழந்தை எப்படியும் தாயின் மடியில் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது. பெரும்பாலான குழந்தைகள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிவருகின்றனர்; காப்பாற்ற இயலாத சிறுபான்மையினர் சார்பில் இவ்விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படுகிறது.

இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு என்பது, தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பிலுள்ள குழியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்தோ விலகியோ நிற்கும் நிலையாகும். பெண் குழந்தைகளிடமும், கருவில் தலை மேலாக இருந்த குழந்தைகளிடமும் கூடுதலாகக் காணப்படும் இக்குறைபாடு, பிறந்த சில வாரங்களில் தெரிந்துவிட்டால், செக் மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக்கின் பெயரால் வழங்கும் மென்மையான வார்ப்பட்டையிலேயே பெரும்பாலும் சீராகிவிடும். ஆனால் வலி இல்லாததால் பலருக்கு அது குழந்தை நடக்கத் தொடங்கி, விந்தி நடப்பதைக் கண்ட பிறகே தெரியவருகிறது. அதற்குள் பட்டையின் காலம் கடந்துவிடுகிறது. அப்போது மயக்க மருந்து கொடுத்து எலும்பை, தேவைப்பட்டால் அறுவை செய்தும், குழிக்குள் அமர்த்தி, அது மீண்டும் நழுவாதிருக்க ஸ்பைக்கா எனப்படும் கட்டைப் போடுகின்றனர். தொடைகளை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடக்கி, பக்கவாட்டில் நன்கு விரித்த நிலையில் உடலை இறுக்கிப் பிடிக்கும் இக்கட்டு, இடையில் மாற்றப்பட்டு, பெரும்பாலும் பன்னிரண்டு வாரங்கள் வரை நீடிக்கும்.

இக்காலத்தில் குடும்பத்தின் அளவைகள் அனைத்தும் மாறிவிடுவதை வாரியம் கருத்தில் கொள்ள வேண்டும். தூளி பயனற்றுப் போகிறது, ஏனெனில் விரிந்த கால்கள் சேலைக்குள் அடங்குவதில்லை. குளியல் நின்று ஈரத்துணியால் துடைப்பது மட்டுமே எஞ்சுகிறது. சிறிய டயப்பர் ஒன்றைக் கட்டின் திறப்புக்குள் விளிம்புவரை செருகி, அதன்மேல் பெரியது ஒன்றைச் சுற்றும் கலையைத் தந்தை கற்றுத் தேறுகிறார். சற்றுத் தவறினாலும் சிறுநீர் உள்ளிருக்கும் பஞ்சில் ஊறி, தோலைப் புண்ணாக்கி, கட்டு கழற்றப்படும் நாள்வரை நாறிக்கொண்டிருக்கும். இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் படுக்க வைப்பதும், கால் விரல்கள் நீலம் பாரித்திருக்கின்றனவா என்று விளக்கைப் போட்டுப் பார்ப்பதும் தாயின் பணி. அரிப்பெடுத்து அழும் பேத்திக்கு ஈர்க்குச்சியோடு உதவ வரும் பாட்டியைத் தடுப்பது எல்லோருடைய பணி, ஏனெனில் உள்ளே ஏற்படும் கீறல் கண்ணுக்குத் தெரியாமலே சீழ் பிடிக்கும். கால்களுக்கிடையே வைத்துக் கட்டிய குறுக்குக் கழி, தூக்குவதற்கான கைப்பிடி என்றே பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவரும் கருதுகின்றனர். குழந்தையோ இரண்டாவது வாரத்திலேயே கைகளை ஊன்றித் தரையில் தேய்த்து நகரக் கற்றுக்கொண்டு, கட்டின் கழுத்துப்புறத் திறப்பில் பிஸ்கட் துண்டுகளைச் சேமிக்கத் தொடங்கிவிடுகிறது.

இனி ரயில். சிறப்பு மருத்துவம் நாடி வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் காட்பாடி நிலையத்தில் வந்திறங்குவது வாரியம் அறியாததன்று. கட்டுப் போட்டபின் அவர்கள் அதே வழியில் ஒரு நாளுக்கும் மேலாகப் பயணம் செய்து திரும்ப வேண்டும். பகலில் மூவர் அமர வேண்டிய கீழிருக்கையில், கணக்கில் பூஜ்யமாகிய இக்குழந்தை இருவரின் இடத்தைப் பிடிக்கிறது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை மட்டுமே நடுப்படுக்கையை விரிக்கலாம் என்ற விதியைக் கட்டுக்கு எடுத்துச் சொல்லவும் வழியில்லை. முழுக் கட்டணம் செலுத்திப் படுக்கை பெற்றாலோ, அது மேல்படுக்கையாக அமைவதில் விதிமீறல் ஏதுமில்லை. கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீடு மூத்த குடிமக்கள், 45 வயதைக் கடந்த பெண்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு உரியதாகலின், வயிற்றில் இருந்தவரை தாய்க்குக் கீழ்ப்படுக்கை பெற்றுத்தந்த அதே குழந்தை, பிறந்துவிட்ட குற்றத்துக்காக அத்தகுதியை இழந்து நிற்கிறது. மாற்றுத்திறனாளி என்று விண்ணப்பிக்கலாம் என்றால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடு நீண்டகாலத்தியதாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. பன்னிரண்டு வாரக் கட்டு அந்த மதிப்பை எட்டுவதில்லை.

வாரியம் முயலவே இல்லை என்பது அநீதியாகும். 2022 மே மாதத்தில் லக்னோ மெயில் வண்டியின் கீழ்ப்படுக்கைகளில் மடக்கு வசதியுடன் பொருத்திப் பார்க்கப்பட்ட குழந்தைப் படுக்கை, 770 மில்லிமீட்டர் நீளமும் 255 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. கால்களை ஒட்டவைத்து, அசையாமல், நேராக உறங்கும் குழந்தை நாட்டில் எங்கேனும் இருந்தால் அதற்கு அது மிகவும் ஏற்றது.

சுமை என்ற பிரிவில் சேர்க்கலாமா என்றும் ஆராயப்பட்டது. பயணிகள் தம்முடன் எடுத்துச்செல்லும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்கு மிகலாகாது; ஆனால் மடங்கி உயர்ந்து நிற்கும் முழங்கால்கள் மூன்றாவது அளவையில் தோற்றுவிடுகின்றன. ஆக இக்குழந்தை இருக்கையுள்ள பயணியும் இல்லை, விதிக்குட்பட்ட பெட்டியும் இல்லை. மூன்றாவது வழிக்கு வரலாற்றில் சான்றுண்டு: 1902இல் சிகாகோவின் இறைச்சி வணிகரான ஆர்மர், இதே குறைபாடுள்ள தம் மகளைப் பயணம் செய்ய வைக்காமல், மருத்துவர் அடால்ஃப் லொரென்ஸை வியன்னாவிலிருந்து கடல் கடந்து வரவழைத்தார். காட்பாடி நடைமேடையில் காத்திருப்போரிடம் இதைப் பரிந்துரைப்பதாயின், வாரியம் சுற்றறிக்கையுடன் நிதியையும் சேர்த்து அனுப்புவது நலம்.

அதுவரை, மருத்துவர் சான்றைக் காட்டினால் கட்டு இருக்கும் வாரங்களுக்கு மட்டும், இலவசமாக இல்லாவிட்டாலும் உறுதியாக, ஜன்னலோரக் கீழ்ப்படுக்கை ஒன்றை ஒதுக்குமாறு வேண்டப்படுகிறது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் பன்னிரண்டு வாரங்கள் கடந்துவிடுமாயின், கட்டு அகற்றப்பட்டதைக் காரணம் காட்டி இவ்விண்ணப்பத்தை முடித்துவைக்கலாம். அடுத்த குழந்தையின் பெற்றோர் புதிய எண்ணில் விண்ணப்பித்துக்கொள்வர்.