என் காரைத் தூக்கிச் செல்லுமாறு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஒழுங்காக டியூ கட்டிவரும் கடன்காரன், திருப்பூர்.
பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள், வாகனக் கடன் பிரிவு, தங்கள் மேலான நிதி நிறுவனம்.
பொருள்: எனது காரை சீஸ் செய்யக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

2023 ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஷோரூமில் சிவப்புத் துணியை உருவிவிட்டு, மூன்றடி நீள அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தோடு போட்டோவுக்கு நின்றவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு அந்தத் துணியை எத்தனை பேர் உருவினார்களோ, தங்களுக்கு என் முகம் நினைவிருக்க நியாயமில்லை. எனக்குத் தங்கள் ஊழியரின் முகம் நன்றாக நினைவிருக்கிறது. "அஞ்சு வருஷம் போதும் தம்பி" என்றேன். "ஏழாப் போட்டுக்கங்க சார், டியூ தெரியவே தெரியாது" என்றார். தங்கமான பிள்ளை. 8 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 84 மாதம், மாதம் 13,281 ரூபாய். ஒரு டீ ஆறுவதற்குள் கையெழுத்தெல்லாம் முடிந்துவிட்டது. அத்தனை பக்கங்களில் நான் படித்தது என் பெயரை மட்டும்தான்; அதுவும் இன்ஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

டியூ தெரியவில்லை என்பது உண்மை. 2025 ஆகஸ்ட் 27 வரை தெரியவில்லை. அன்றைக்கு அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியது. அங்கே ஒருவர் போட்ட கையெழுத்துக்கு இங்கே என் யூனிட்டில் ஆறு பவர் டேபிள் நின்றது. டிரம்புக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. நான் பனியனுக்குக் கழுத்துப் பட்டி அடித்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க்காரன், அவ்வளவுதான். ஆனாலும் சென்ற மாதம் 24ஆவது டியூவை, சம்சாரத்தின் வளையலை அடகு வைத்துக் கட்டிவிட்டேன். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவதைப் பெரிய கம்பெனிகள் செய்தால் அதற்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். என் மாமியார் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அதனால்தான், இனியும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று, போன திங்கட்கிழமை வண்டியைக் கழுவித் துடைத்து, இரண்டு சாவி, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தங்கள் கிளைக்கு வந்தேன். பெண்ணைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடுகிற மாதிரி கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"வண்டியை ஒப்படைச்சிரலாம்னு வந்தேனுங்க" என்றேன்.

கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சார், உங்க அக்கவுன்ட் ரெகுலரா இருக்கு."

"ஆமாங்க, இனிமேல் இருக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"ரெகுலரா இருந்தா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார். ஒரு மூணு டியூ பவுன்ஸ் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்து விசாரித்த பிறகுதான் இதன் ஆழம் புரிந்தது. டியூ தவறி 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0, அதாவது சிறப்புக் கவனத்துக்குரிய கணக்கு; அறுபது வரை எஸ்.எம்.ஏ. 1; தொண்ணூறு வரை எஸ்.எம்.ஏ. 2. அதைத் தாண்டினால் வாராக்கடன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. மாதிரி வரிசையாகப் படித்துத் தேறினால்தான் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் போலிருக்கிறது. நான் இன்னும் அட்மிஷனே போடவில்லை. போட்டால் சிபிலில் விழும் கறை எத்தனை வருஷத்துக்குப் பேசும் என்பதை உங்கள் ஊழியரே அன்போடு எடுத்துச் சொன்னார்.

சரி, உங்களுக்கு வேண்டாம் என்றால் நானே விற்றுக்கொள்கிறேன் என்று நினைத்தால், அங்கேதான் ஐயா நம் பந்தத்தின் அழகு தெரிகிறது. ஆர்.சி.யில் உரிமையாளர் நான். அதே ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டியின் மேல் கடன் என்று தங்கள் பெயரும் ஏறியிருக்கிறது. உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்ற முடியாது. கடனை முடித்து, நீங்கள் என்.ஓ.சி. தந்து, படிவம் 35இல் இருவரும் கையெழுத்திட்டால்தான் எச்.பி. கேன்சல். ஆக, உங்களிடம் திருப்பித் தருவதற்கு இது உங்கள் வண்டி இல்லை. நான் விற்பதற்கு இது என் வண்டியும் இல்லை. டயரில் காற்றடிக்கிற நேரத்தில் மட்டும் சந்தேகமில்லாமல் என்னுடையது.

முடிக்க எவ்வளவு என்று கேட்டேன். இதுவரை நான் கட்டியது 3,18,744 ரூபாய். அதில் வட்டிக்குப் போனது ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம். அசல் பாக்கி இன்னும் 6,25,072. தவறாகச் சொல்லவில்லை, கணக்கு சரிதான். நானே இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். முன்கூட்டியே கடனை அடைக்கும் குற்றத்துக்கு 5 சதவீதம், 31,254. அந்த அபராதத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 5,626. கடன் வாங்கும்போது வட்டி, கட்டாமல் விட்டால் அபராதக் கட்டணம், முன்னாடியே கட்டினாலும் கட்டணம். குழந்தையைத் தூக்கி வைத்தாலும் அழுகிறது, இறக்கி விட்டாலும் அழுகிறது.

புரோக்கர் அண்ணன் வண்டியைச் சுற்றிவந்து பானெட்டைத் தட்டினார். "போன செப்டம்பருக்கு முன்னாடி கொண்டாந்திருந்தா அஞ்சே முக்கால் சொல்லியிருப்பேன்" என்றார். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு ஜி.எஸ்.டி.யை 28இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள் அல்லவா, புது வண்டி விலை இறங்கியதும் என் பழைய வண்டியும் கூடவே இறங்கிவிட்டது. தொலைக்காட்சியில் மக்களுக்குத் தீபாவளிப் பரிசு என்றார்கள். இப்போது ஐந்து முப்பதுதானாம். அதாவது என் வண்டியை இன்னொருவர் ஓட்டிப் போவதற்கு நான் கையிலிருந்து 1,32,000 ரூபாய் தர வேண்டும். வரதட்சணை ஒழிந்துவிட்டது என்று யார் சொன்னது?

லண்டனில் இருக்கும் அக்கா மகனிடம் போனில் புலம்பினேன். அங்கே 1974ஆம் வருஷத்துக் கடன் சட்டத்தில் 99ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். தவணை முறையில் எடுத்த வண்டிக்கு மொத்தத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டால், அல்லது பாதிக்குக் குறைவதைக் கட்டிக்கொடுத்துவிட்டால், சாவியை நீட்டிவிட்டு நடையைக் கட்டலாம். வண்டியை ஒழுங்காக வைத்திருந்தால் போதும். "பாதிகூடக் கட்ட முடியாதவன்?" என்றேன். "மாமா, அவனும் நம்மள மாதிரிதான்" என்றான். அதைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆகவே, ஐயா, ஒரே ஒரு வழிதான் மிச்சம். தாங்களே வந்து தூக்க வேண்டும். மூன்று டியூவை நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுகிறேன். வண்டி எடுக்க அடியாட்களை அனுப்புவதை உச்ச நீதிமன்றம் 2007லேயே கண்டித்திருக்கிறது என்பதால், தயவுசெய்து ஒல்லியானவர்களாக அனுப்பவும். வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை, எப்போது அழைத்தாலும் எடுப்பேன். பக்கத்து மில் ஓனரின் வண்டியை அவிநாசி ரோட்டில் மறித்து எடுத்தபோது, "மனமுவந்து ஒப்படைக்கிறேன்" என்ற தாளில் நடுரோட்டில் கையெழுத்து வாங்கினார்களாம். அந்தத் தாளில் ஒன்று எனக்கு இப்போதே தரக் கூடாதா? அதை உண்மையாகவே மனமுவந்து நிரப்பித் தரும் முதல் ஆள் நானாக இருக்கலாம்.

ஏலத்தில் வண்டி அடிமாட்டு விலைக்குப் போகும், குறைகிற தொகைக்கு மறுபடி என்னிடமே வருவீர்கள் என்பதும் தெரியும். வாருங்கள். வண்டியில்லாத வீட்டுக்கு வழி சொல்ல ஆள் வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ரெகுலர் வாடிக்கையாளர்.

பி.கு.: வண்டி யூனிட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. பின் சீட்டின் பாலிதீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. லோன் முடிந்த அன்றைக்குப் பிரிக்கலாம் என்று சம்சாரம் சொல்லியிருந்தாள். பிரித்துவிடட்டுமா, அப்படியே விடட்டுமா?